தண்ணீர்ப் படுக்கை போட்டாலும் திருப்பித்தான் ஆக வேண்டும்

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிய பதிவு வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், 1972-இல் பத்மஸ்ரீ பதக்கம் பெற்றார். கடைசி வரி எப்போதும் 'எல்லாம் மனவுறுதி!'

அதை எனக்கு அனுப்பிய காரைக்குடிக்காரர், அதே வாரம் தன் அப்பாவைக் காரில் படுக்க வைத்துக் கூட்டி வந்தார். தண்டுவடத்தில் அடிபட்டவர். முதுகின் அடியில் எலும்பு தெரிகிற படுக்கைப் புண்.

மனவுறுதி சரி. ஆனால் நியூயார்க்கில் அந்தத் துறையின் முன்னோடி ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் (செயலிழந்தவர்களை மறுபடி இயங்கப் பழக்கும் மருத்துவம்) படித்துத் திரும்பி, 1966-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையத்தை உருவாக்கியவர் மேரி வர்கீஸ். அதையும் சேர்த்து ஃபார்வர்டு செய்யுங்களேன். மறுவாழ்வு மருத்துவர்களான எங்களை இன்னும் 'எக்சர்சைஸ் டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

காரைக்குடிக்காரரின் அப்பாவை அடிக்கடி பக்கம் மாற்றித் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னதும், அவர்கள் வீட்டு ஆச்சி சண்டைக்கே வந்துவிட்டார்: "தண்ணிப் படுக்கை வாங்கிப் போட்டாச்சே, அப்புறம் எதுக்குத் திருப்பணும்?" இதைக் கேட்காத மாதமே இல்லை. ஆச்சி, படுக்கை எடையைக் கொஞ்சம் பரப்பிவிடும், அவ்வளவுதான். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தசை நசுங்கிக்கொண்டேதான் இருக்கும். தூக்கத்தில் நாம் தானாகப் புரண்டுவிடுகிறோம். தண்டுவடத்தில் அடிபட்ட அவருக்கோ அங்கே உணர்ச்சியே இல்லை. புண் உடம்புச் சூட்டால் வரவில்லை. அதனால் ஏசி போட்டாலும் பவுடர் கொட்டினாலும் நிற்காது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் 1944-இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்ப வைத்தார், ராத்திரியிலும். பாராலிம்பிக்ஸுக்கு வித்திட்ட 1948 வில்வித்தைப் போட்டியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே அலாரம் வையுங்கள். வீட்டில் ஆள்மாற்றிச் செய்யுங்கள், ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள். காலையும் மாலையும் முதுகடி, இடுப்பு, குதிகால் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறவில்லையா? அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. புண்ணுக்கு அடியில் காற்றடைத்த வளையம் வைக்க வேண்டாம். மரத்த காலில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். உட்கார முடிகிற நோயாளியை வீட்டின் உள்ளே, இரண்டாங்கட்டு அறையில் அடைத்துவைக்காதீர்கள். நம் வீடுகளின் உயரமான நிலைப்படியைத் தாண்ட ஆசாரியிடம் சொல்லிச் சரிவாக ஒரு பலகை அடித்தால் போதும், சக்கர நாற்காலி முகப்புவரை வரும். புண்ணில் வாடையோ, உடம்பில் காய்ச்சலோ இருந்தால் மட்டும் பலகைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டி வாருங்கள்.