உயிரொலிக் கூட்டெழுத்து: ‘வவல் டீம்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

ஆங்கிலம் எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கான பாடங்களில் ‘வவல் டீம்’ என்றொரு தொடர் வருகிறது. ஓர் உயிரொலியைக் குறிப்பதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் சேர்ந்து நிற்பதை அது சுட்டுகிறது. மழையைக் குறிக்கும் ‘ரெயின்’ என்னும் சொல்லில் ஏ, ஐ ஆகிய எழுத்துகளும், படகைக் குறிக்கும் ‘போட்’ என்பதில் ஓ, ஏ ஆகிய எழுத்துகளும் அவ்வாறு நிற்கின்றன. தமிழெழுத்தில் பழகிய குழந்தை, ‘போட்’ என்று சொல்லக் கேட்டதும் பி, ஓ, டி என மூன்றே எழுத்தில் முடித்துவிடுவதில் வியப்பில்லை. காதில் விழாத ஏ அங்கே எதற்கு என்பதுதான் அதன் குழப்பம். ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் 5. தென் இங்கிலாந்தின் செந்தர உச்சரிப்பில் உயிரொலிகளோ ஏறத்தாழ 20. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டும் வழிகளில் ஒன்றே எழுத்துகளைச் சேர்த்தெழுதுவது.

‘வவல்’ என்பதன் வேர், குரல் என்று பொருள்படும் ‘வோக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘டீம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வழித்தோன்றல்களையும், சேர்த்துப் பூட்டிய உழவு மாடுகளையும் குறித்தது. ஆட்டக்காரர் குழு என்னும் பொருள் பின்னால் வந்தது. மாடு இரண்டு, சால் ஒன்று என்னும் அந்தப் பழம்பொருளே இங்குப் பொருந்துகிறது. ‘உயிரெழுத்து அணி’ என்று பெயர்த்தால் கிரிக்கெட்டும் உவமையும்தான் நினைவுக்கு வரும்.

‘இணையுயிர்’ என்பதும் ஆகாது. அது ஒரே அசைக்குள் ஓர் உயிரொலி மற்றொன்றாக வழுக்கிச் செல்வதைக் குறிக்கும் ஒலியியற் சொல். “அகர இகரம் ஐகாரம் ஆகும்” என்று தொல்காப்பியம் சொல்வது ஏறக்குறைய இந்த நிலையைத்தான்: ஐ எழுத்தில் ஒன்று, ஒலியில் இரண்டு. ‘வவல் டீம்’ நேர் எதிரானது. அங்கே இரட்டிப்பது எழுத்து. ‘உயிரெழுத்து இணை’ என்னலாமா என்றால், இரவைக் குறிக்கும் ‘நைட்’ தடுக்கிறது. அதில் ஐ, ஜி, எச் ஆகிய மூன்று எழுத்துகள் சேர்ந்தே ‘ஐ’ ஒலியைத் தருகின்றன, அவற்றுள் இரண்டு மெய்யெழுத்துகள். ஆகவே ‘உயிரொலிக் கூட்டெழுத்து’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கூட்டெழுத்து என்னும் சொல் சுவடிகளில் பிணைத்தெழுதிய வடிவங்களுக்கும் வழங்குவது உண்மை. ‘உயிரொலி’ என்னும் அடை அந்த மயக்கத்தைப் போக்கிவிடும்.

இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வந்தால் முதலாவதே தன் பெயரை ஒலிக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் விதியை நம்பிவிடக் கூடாது. 1963இல் வாசிப்புக் கல்வி ஆய்வாளர் தியடோர் கிளைமர் தொடக்கநிலைப் பாடநூல்களின் சொற்களைக் கொண்டு சோதித்தபோது அது 45 விழுக்காட்டுச் சொற்களுக்கே பொருந்தியது. ஈ, ஏ சேர்ந்த ஒரே கூட்டெழுத்து ‘மீட்’, ‘பிரெட்’, ‘கிரேட்’ என மூன்று விதமாக ஒலிப்பதைப் பார்த்தாலே காரணம் விளங்கும். இடத்தைக் கொண்டு கற்பிப்பது இதைவிட உறுதியானது: சொல்லின் நடுவில் ‘ரெயின்’ போல ஏ, ஐ, இறுதியில் ‘பிளே’ போல ஏ, ஒய்.