மவுண்ட் அட்டையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்

போன மாதம் ஒருவர் தன் அக்கா வரைந்த வாட்டர் கலர் ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார், சிவப்பு பாப்பி மலர்கள், ஓவியர் எமில் நோல்டேயைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. "பூ வெளிறின மாதிரி இருக்கு, கண்ணாடிதான் அழுக்கோ?" என்றார். பிரேமைக் கழற்றி மவுண்ட் அட்டையை, அதாவது நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிப் படத்தின் மேல் வைக்கும் அட்டையை, தூக்கினேன். அட்டை மறைத்திருந்த ஓரத்தில் அரை விரல் அகலத்துக்கு ரத்தச் சிவப்பு, நடுவிலோ பலமுறை துவைத்த ரோஸ் துணியின் நிறம். பன்னிரண்டு வருடம் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தாராம்.

நோல்டே ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் (கண்ட உருவத்தைவிட உணர்ச்சியை அழுத்தமான வண்ணத்தில் காட்டும் பாணி), 1867இல் பிறந்தவர். நன்றாக உறிஞ்சும் ஜப்பானியத் தாளை ஈரமாக்கி அதில் வண்ணத்தை விடுவார், அது தன் பாட்டுக்குப் பரவி, பக்கத்து வண்ணத்தோடு கலந்து, தாளுக்குள்ளேயே இறங்கிவிடும். 1908 குளிர்காலத்தில், யேனா நகருக்கு அருகே வெட்டவெளியில் வரைந்தபோது வண்ணம் தாளிலேயே உறைந்து நட்சத்திரம் மாதிரிப் படிகமானது. அவர் அதைத் துடைக்கவில்லை, இயற்கையும் கூட வரையட்டும் என்று விட்டுவிட்டார். (ஆளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது: நாஜிக் கட்சி உறுப்பினர், யூத வெறுப்பாளர். அந்த நாஜிகளே 1937இல் ஜெர்மன் அருங்காட்சியகங்களில் இருந்த அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள்.)

சரி, நம் சிக்கலுக்கு வருவோம். எண்ணெய் ஓவியத்தில் வண்ணத்துகள் எண்ணெய்க்குள் பொதிந்து, கனமாக, மேலே வார்னிஷோடு இருக்கும். வாட்டர் கலரில் கொஞ்சம் கருவேலம் பிசினோடு மெல்லிய படலம்தான், வெளிச்சம் நேரே துகளில் விழுகிறது. அதனால்தான் அருங்காட்சியகங்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான் வெளிச்சம் வைக்கின்றன, சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் வைத்துவிடுகின்றன. ஜன்னலோரப் பகல் வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் போகும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் சேதம் மெதுவாகும், நிற்காது.

மாட்டுவதானால் வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். அமிலமில்லாத அட்டை கேளுங்கள், மலிவான அட்டை சில வருடத்தில் தாளில் பழுப்புக் கோடு போட்டுவிடும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதைப் பிரித்தெடுக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். வரைபவர்கள் டியூபில் ஒளி தாங்கும் தரத்தைப் பாருங்கள், அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு கண்ணுக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு சீக்கிரம் வெளிறிவிடும்.

"பழைய சிவப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்று அவர் கேட்டார். முடியாது, மேலே வண்ணம் பூசித் தரவும் மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அட்டையில் ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொன்னார், அந்தச் சிவப்பும் தெரிய வேண்டுமாம். அதுவும் வெளிறும் சார் என்றேன். பரவாயில்லை, படிக்கட்டுப் பக்கம் மாட்டிக்கொள்கிறேன் என்றார்.