‘கடனுக்கான உள்ளகப் பயிற்சி’: இதில் கடனும் இல்லை, உள்ளகமும் இல்லை

அமெரிக்க எம்.பி.ஏ. படிப்புகளைப் பற்றித் தமிழில் வரும் அறிமுகங்களில் ‘கடனுக்கான உள்ளகப் பயிற்சி’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘இன்டர்ன்ஷிப் ஃபார் கிரெடிட்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு எந்திரம் துப்பியதை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். நாலு வரி தள்ளி அதே பக்கத்தில் கல்விக்கடன் பற்றிய பேச்சு வரும். ‘12 கடன்கள் வரை மாற்றிக்கொள்ளலாம்’ என்று படிக்கும் பெற்றோர், வங்கிக்கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதைச் சொல்கிறார்கள் என்று எண்ணினால் அது அவர் குற்றமா?

சொல்ல வந்த விஷயம் எளியது. மாணவர் முதலாண்டு முடிந்த கோடையில் ஒரு நிறுவனத்தில் பத்து வாரம் போல வேலை பார்க்கிறார். பல்கலைக்கழகம் அந்த வேலையை ஒரு பாடமாகவே பதிந்து, பட்டத்துக்கான மொத்தக் கணக்கில் சேர்க்கிறது. வேலையில் சேரும் முன்பே பாடத்தில் பதிந்திருக்க வேண்டும். பணிக்கடிதமும் வேலை விவரமும் கொடுக்க வேண்டும். என்ன கற்கப்போகிறார் என்பதைப் பொறுப்புப் பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவில் மாணவர் எழுதிய அறிக்கையும் மேலாளரின் மதிப்பீடும் போகும். வேலையை முடித்துவிட்டு வந்து ‘இதையும் கணக்கில் சேருங்கள்’ என்று கேட்டால் பெரும்பாலும் நடக்காது. பாடம் என்று ஆனபின் அதற்குக் கட்டணமும் உண்டு. சம்பளம் வாங்கும் கோடையிலேயே பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டவும் நேரும்.

இன்டர்ன் என்ற சொல்லின் வேர், ‘உள்ளே இருக்கும்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். அது பிரெஞ்சு வழியாக வந்தது. பாரிஸ் மருத்துவமனைகளில் 1802இல் இந்தப் பெயரில் ஒரு பதவி முறைப்படுத்தப்பட்டது. இளம் மருத்துவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே தங்கிப் பணியாற்றியதால் அந்தப் பெயர். பிறகு அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்கொள்ள, அவர்களிடமிருந்து அலுவலகங்களுக்குப் போனது. போர்க்காலத்தில் ஆட்களைப் பிடித்து உள்ளே அடைப்பதற்கான வினைச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

‘உள்ளகம்’ வந்த வழி இது. இலங்கையில் ‘உள்ளகப் பயிற்சி வைத்தியர்’ என்பது நிலைத்த வழக்கு. மருத்துவமனையோடு கட்டுண்டு கிடப்பவருக்கு அது பொருந்தும், அதில் கை வைக்க வேண்டியதில்லை. அதைத் தூக்கி வணிகப் படிப்பில் வைக்கும்போதுதான் பிசகுகிறது. அலுவலகத் தமிழில் ‘உள்ளக’ என்றால் நிறுவனம் தன் ஆட்களைக்கொண்டு தனக்குள் செய்துகொள்வது: உள்ளகக் கணக்காய்வு, உள்ளக விசாரணை. அந்த வரிசையில் ‘உள்ளகப் பயிற்சி’ என்று படிக்கும் மனிதவள அதிகாரி, தம் ஊழியர்களுக்குத் தாமே நடத்தும் பயிற்சி என்றே எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. வெளியாள் ஒருவர், இன்னொரு அமைப்பின் மாணவர், சில வாரம் வந்து போகிறார்.

தமிழ்நாட்டில் இதற்குப் போட்டியாக ‘உள்ளிருப்புப் பயிற்சி’ ஓடுகிறது. உள்ளிருப்பு என்றாலே நமக்கு அடுத்த சொல்லாகப் போராட்டம் வந்து நிற்கும். ஆலை வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே உட்காருவதற்கு எம்.பி.ஏ.வில் பயிற்சி தருகிறார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. ‘தொழிற்பயிற்சி’ என்றால் ஐ.டி.ஐ. நினைவுக்கு வரும், அதன் தமிழ்ப் பெயரே தொழிற்பயிற்சி நிலையம்தான். ‘பணியிடைப் பயிற்சி’ ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு உரியது. இப்படி ஒவ்வொரு சொல்லும் ஒரு வீட்டில் குடியிருக்க, காலி வீடு எது என்று பார்க்காமல் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டே போகிறார்கள்.

நான் ‘பயிற்சிப்பணி’ என்பேன். தமிழ்த் தொகைச்சொல்லில் பின்னால் நிற்பதே பெரும்பாலும் தலைமை. பணிப்பயிற்சி என்றால் அது ஒரு பயிற்சி, வகுப்பறையிலும் நடத்தலாம். பயிற்சிப்பணி என்றால் அது பணி, கற்பதற்காகச் செய்வது. பயிற்சி மருத்துவர் என்று தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதுவதும் இந்த வார்ப்பில்தான். அங்கே ‘உள்’ இல்லாததால் யாருக்கும் எதுவும் விளங்காமல் போய்விடவில்லை.

கடனுக்கு வருவோம். கிரெடிட்டின் லத்தீன் வேருக்கு நம்புதல் என்று பொருள். நம்பிக் கொடுத்தது வங்கியில் கடன், பேரேட்டில் வரவு. பல்கலைக்கழகத்தில் அது படிப்பின் அளவு. அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பும் குறைந்தது இரண்டு மணி நேர வெளியுழைப்புமாக ஏறத்தாழ 15 வாரம், அதாவது சுமார் 45 மணி நேரம். ஐரோப்பிய முறையில் 25 முதல் 30 மணி. இந்தியாவில் இளநிலைப் படிப்புகளுக்கான யுஜிசி வரையறையில் பயிற்சிப்பணிக்கு 30 மணி. ஆக இது உழைப்பை அளக்கும் மரக்கால். நாம் யாருக்கும் திருப்பித் தர வேண்டியது இதில் எதுவும் இல்லை. போதாததற்குத் தமிழில் ‘கடனே என்று’ செய்வது வேண்டாவெறுப்பாகச் செய்வது. காலைக்கடன் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ‘கோடையில் 3 கடன்கள் முடித்தார்’ என்று எழுதுபவர் இதையெல்லாம் யோசித்தாரா?

‘மதிப்பெண்’ என்று போடுவது இன்னும் மோசம், ஏனென்றால் அது சரிபோலத் தெரிகிறது. மதிப்பெண் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பது. கிரெடிட் எவ்வளவு செய்தார் என்பது. 3 கிரெடிட் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவருக்கும் முதலாவதாக வந்தவருக்கும் அதே மூன்றுதான். பயிற்சிப்பணிக்குப் பல இடங்களில் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டுமே பதிவார்கள்; கிரெடிட் பட்டக்கணக்கில் ஏறும், தரப்புள்ளிச் சராசரியில் சேராது. ‘மதிப்பெண்’ என்று மொழிபெயர்த்துவிட்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ‘அலகு’ நல்ல சொல்தான், ஆனால் நம் பாடத்திட்டங்களில் ஒவ்வொரு தாளும் ஐந்து அலகாகப் பிரிந்து கிடக்கிறது. ‘3 அலகுப் பாடத்தில் 5 அலகு’ என்றால் தலை சுற்றும். எனவே ‘மதிப்பலகு’. அது வேண்டாம் என்பவர் ‘கிரெடிட்’ என்றே எழுதட்டும். தூய தமிழ் என்று கடனைத் தூக்கிவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை. ‘கடனுக்கான’ என்று படிப்பவர் சம்பளம் கிடையாது என்று முடிவுகட்டுகிறார். மதிப்பலகும் சம்பளமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் சேர்ந்து வரலாம். மதிப்பலகு தருகிறோம் என்று சொல்லிவிட்டதாலேயே அமெரிக்க நிறுவனம் சம்பளம் தராமல் இருந்துவிடவும் முடியாது. அங்கே தொழிலாளர் துறை பார்க்கும் ஏழு அம்சங்களில் படிப்போடுள்ள தொடர்பு ஒன்று மட்டுமே. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. படிக்கும்போதே வெளியே வேலை பார்க்க அனுமதிக்கும் சி.பி.டி.க்கு, வேலை பாடத்திட்டத்தின் ஒருங்கிணைந்த பகுதியாக இருக்க வேண்டும். பலர் ஒரே ஒரு மதிப்பலகுக்காவது பதிவது இதற்காகத்தான். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சிட்ட தேதிக்கு ஒரு நாள் முன்னால் வேலை தொடங்கினாலும் விதிமீறல். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டநிலையில் ஓ.பி.டி., அதாவது படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி, போய்விடும்.

இவ்வளவு விளைவுள்ள இடத்தில் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார். ‘மதிப்பலகு தரும் பயிற்சிப்பணி’ என்று எழுதலாம். விண்ணப்பப் படிவத்தில் இடம் போதாவிட்டால் ‘கிரெடிட் பயிற்சிப்பணி’ போதும். பாடத்தில் பதியாமல் தானாகச் செய்ததை வெறும் ‘பயிற்சிப்பணி’ என்று விட்டுவிடலாம்.