கிராஃப்டிவிசம்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கைவினையைக் குறிக்கும் ‘கிராஃப்ட்’, சமூக மாற்றத்துக்காகக் களத்தில் இறங்குவதைக் குறிக்கும் ‘ஆக்டிவிசம்’ இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல் கிராஃப்டிவிசம். தையல், பின்னல், நெசவு போன்ற கைவேலை வழியாகவே ஒரு நியாயத்தைக் கேட்பது என்று பொருள். அமெரிக்க எழுத்தாளர் பெட்சி கிரீர் 2003 முதல் இதைப் பரப்பினார். சொல்தான் புதிது, வேலை பழையது.

சிலி நாட்டின் ‘அர்ப்பியேரா’வைப் பாருங்கள். ஸ்பானிய மொழியில் அதற்குச் சாக்குத்துணி என்று பொருள். 1973 செப்டம்பரில் பினோசே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, பிடித்துச் செல்லப்பட்ட பலர் வீடு திரும்பவேயில்லை. அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் தலைநகர் சாந்தியாகோவில் கத்தோலிக்கத் திருச்சபையின் அரவணைப்பில் கூடித் தைத்தார்கள். சாக்குத்துணியின் மேல்பக்கம் ஆண்டிஸ் மலை. கீழே குடிசைகள், பொதுச் சமையலுக்கான அண்டா, துணியை உருட்டிச் செய்த குட்டிப் பொம்மை மனிதர்கள். அந்தப் பொம்மைகளின் கையில் ‘எங்கே அவர்கள்?’ என்ற பதாகை. சில ஒட்டுத்துண்டுகள் காணாமல்போனவரின் உடுப்பிலிருந்தே வெட்டியவை. பெண்களின் தையல்வேலைதானே என்று ஆட்சியாளர்கள் தொடக்கத்தில் அசட்டையாக இருந்தார்கள். அதற்குள் அந்தத் துணிகள் வெளிநாடுகளுக்குப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டன.

தனி ஒரு கலைஞரிடம் இதைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஃபெய்த் ரிங்கோல்டு. 1930-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து 2024-இல் மறைந்தவர். ஓவியம், சிற்பம், நிகழ்த்துகலை, சிறுவர் நூல் என்று எல்லாவற்றையும் தொட்டவர். பெண்களுக்கும் கறுப்பினக் கலைஞர்களுக்கும் அருங்காட்சியகங்களில் இடம் கேட்டுப் போராடியவர். ஆடை வடிவமைப்பாளரான தாய் வில்லி போசியோடு சேர்ந்து 1980-இல் தன் முதல் ஒட்டுத்துணிப் போர்வையைச் செய்தார். தன் வாழ்க்கைக் கதையை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்காத நிலையில், கதைகளைப் போர்வையிலேயே எழுதத் தொடங்கினார். அந்தப் போர்வைகள் பிறகு பெரிய அருங்காட்சியகங்களின் சுவரில் ஏறின.

இனி வேர்ச்சொல். பழைய ஆங்கிலத்தில் ‘கிராஃப்ட்’ என்றால் வலிமை. ஜெர்மன் மொழியில் இன்றும் அதற்கு ஆற்றல் என்றே பொருள். ஆங்கிலத்தில் அது கைத்திறன் என்று சுருங்கிவிட்டதால், செயலைக் காட்ட இன்னொரு சொல்லை ஒட்டவேண்டி வந்தது.

நம்முடைய ‘கைவினை’யிலோ செயல் உள்ளேயே இருக்கிறது. வினை என்றால் செயல். வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்ற அதிகாரங்களைப் பொருட்பாலில்தான் வைத்தார், அதுவும் அமைச்சுக்கு உரியவற்றோடு. ஆகவே பொதுக் காரியத்தில் இறங்குவதும் வினைதான். ஆனால் இன்றைக்குக் கைவினை என்றதும் கண்ணாடி அலமாரிப் பொம்மைதான் கண்முன் நிற்கிறது. அந்தச் சொல்லை மட்டும் வைத்தால் பொருள் முழுதாக வராது.

‘கைவினைப் போராட்டம்’ என்றால் கைவினைஞர்கள் கூலி உயர்வு கேட்பதாகக் காதில் விழும். ‘கலைப்போராளி’யில் கைவேலை காணாமல்போகிறது. ‘கைவினைச் செயற்பாடு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. செயற்பாட்டாளர் என்ற சொல் ஏற்கெனவே செய்தித்தாள்களில் புழங்குவதால், ஆளைக் குறிக்கக் ‘கைவினைச் செயற்பாட்டாளர்’ என்பதும் இயல்பாக வரும்.

பெயர் இல்லாமலே இதைச் செய்தவர்கள்தாம் நாமும். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். ராட்டையில் நூற்ற நூலுக்கு அரசியல் பொருள் ஏறி, கதர்ச்சட்டைக்காரர் என்றாலே காங்கிரஸ்காரர் என்றானது. அந்த வரிசையில் வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஃபெய்த் ரிங்கோல்டு ஓவியர், கதைசொல்லி, கைவினைச் செயற்பாட்டாளர்.’