ஊசி போடுவதில்லையே, பிறகெப்படி எச்ஐவி?

"ஊசியெல்லாம் போடுறதே இல்ல டாக்டர். புகைக்கிறதோட சரி. எனக்கு எப்படி வரும்?"

இந்தக் கேள்வியை இன்னும் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்க வேண்டுமோ தெரியவில்லை. இந்த முறை கேட்டவருக்கு முப்பதைத் தொடும் வயது. கிராக் கோக்கைன், அதாவது புகைப்பதற்கேற்பக் கட்டியாக்கிய கோக்கைன் பழக்கம் சில வருடங்களாக இருக்கிறது. வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்று ஒவ்வொரு மருத்துவராக அலைந்துவிட்டுக் கடைசியில் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னால், நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் படிந்ததுபோல் வெள்ளைப் பூஞ்சை. நுரையீரலில் நிமோசிஸ்டிஸ் நிமோனியா, எதிர்ப்பு சக்தி குலைந்தவர்களைப் பிடிக்கும் பூஞ்சைத் தொற்று. எதிர்ப்பு சக்தி தரும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்கு வெகு கீழே. வைரஸ் நேற்று இன்று வந்ததல்ல, உள்ளே குடியேறிப் பல வருடம் ஆகியிருக்கிறது.

பழைய சீட்டுகளைப் புரட்டினேன். அதில் ஒருவர் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு, "கிராக், புகைப்பது மட்டும், ஊசி இல்லை" என்று அழகாக எழுதியும் வைத்திருக்கிறார். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. இருமலுக்குக் காரணம் கிராக் புகை என்று முடிவு கட்டி மருந்து எழுதியாகிவிட்டது. எச்ஐவி பரிசோதனை எந்தச் சீட்டிலும் இல்லை. நோயாளிக்கு இருந்த அதே மூடநம்பிக்கை மருத்துவருக்கும் இருந்திருக்கிறது. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். எச்ஐவிக்கு ஊசி ஒரு வழி. ஒரே வழி அல்ல. உலக அளவில் பார்த்தால் முக்கியமான வழிகூட அல்ல. பெரும்பாலானவர்களுக்கு அது உடலுறவின் மூலம்தான் வந்திருக்கிறது. "போதைப்பொருளும் எச்ஐவியும்" என்று சொன்னதும் சிரிஞ்சு மட்டும் கண்முன் வந்து நிற்பதற்கு நாங்களும் ஒரு காரணம். எத்தனை வருடமாக ஒரே சுவரொட்டி! ஊசியைப் பகிராதே, ஊசியைப் பகிராதே என்று சொல்லிச் சொல்லியே, ஊசி தொடாதவனுக்கு ஒன்றும் ஆகாது என்று பதிய வைத்துவிட்டோம். ஹெராயினை ஊசியில் ஏற்றுபவர் தானாக வந்து பரிசோதனை கேட்கிறார். கிராக் புகைப்பவர், "அவங்களை மாதிரி இல்ல நான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. நியூயார்க், மயாமி, சான்பிரான்சிஸ்கோ நகரங்களின் ஏழ்மையான பகுதிகளில் 18 முதல் 29 வயதுக்காரர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1994-ல் வெளியானது. வாழ்நாளில் ஒருமுறைகூட ஊசியில் போதை ஏற்றாதவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். கிராக் புகைக்காதவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு எச்ஐவி இருந்தது. புகைத்தவர்களில் 15.7 சதவீதம். நியூயார்க்கில் கிராக் புகைத்த பெண்களை மட்டும் எடுத்தால் 29.6 சதவீதம். மறுபடி சொல்கிறேன், இவர்களில் ஒருவர்கூட ஊசி போட்டவர் இல்லை. அது நல்ல மருந்துகள் வராத காலம், இன்றைய எண்கள் வேறாக இருக்கும். தொற்று வரும் வழி மட்டும் மாறவில்லை.

அந்த வழி என்ன? கிராக்கின் அவசரம்தான். புகை உள்ளே போன சில நொடிகளில் மூளைக்கு ஏறுகிறது. ஐந்து பத்து நிமிடத்தில் உச்சம் வடிந்துவிடுகிறது. வடிந்த உடனே அடுத்தது வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் மறந்து விடிய விடிய ஓடும். சிலருக்கு இரண்டு மூன்று நாள். நடுவில் கைக்காசு தீர்ந்துபோகும். சரக்கு வைத்திருப்பவனிடம் கடன் கிடையாது. அதன்பிறகு கொடுப்பதற்கு மிச்சம் இருப்பது உடம்பு ஒன்றுதான். அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம், ஆணுறை வேண்டாம் என்றால் கூடக் கொஞ்சம் தருகிறேன் என்று எதிராளி சொன்னால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் இருப்பவர்களும் தப்ப முடியாது. கோக்கைன் உடலுறவு ஆசையைத் தூண்டிவிடும், அதன் உச்சத்தைத் தள்ளிப்போடும். நேரம் நீள நீள உறுப்புகள் உலர்ந்து உராய்ந்து சிராய்க்கின்றன. ஆணுறை போட்டிருந்தாலும் கிழிகிறது. இதோடு சிபிலிஸ் புண், ஹெர்ப்பிஸ் கொப்புளம் போன்ற பால்வினை நோய்களும் சேர்ந்தால் வைரஸுக்கு வாசல் திறந்தே இருக்கும். யாரோடு யார் உறவு கொள்கிறார்கள் என்பதெல்லாம் இதில் வேறுபாடு தராது. மனைவி ஒருத்தியோடு மட்டும் இருக்கிறேன் என்பவர், அந்த நீளமான இரவில் அப்படி இருந்தாரா என்பதுதான் கேள்வி.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. "அவ நடத்தை சரியில்ல, அதான் வந்துச்சு" என்று என் அறையிலேயே வைத்துச் சொன்ன உறவினர்கள் உண்டு. கிராக் கொடுத்து உறவு கேட்டவன், ஆணுறையைக் கழற்று என்றவன், அடித்தவன், இவர்களின் நடத்தை பற்றி அந்த உறவினர்கள் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமலே இருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெண் அடுத்த மாதம் மருந்து வாங்க வராமல் போவதற்கு இந்த ஒரு பேச்சு போதும்.

இனி நேர் எதிரான இன்னொரு பயம். "ஒரே பைப்பில் இழுத்தோம், எச்சில் பட்டது, வந்துவிடுமா?" எச்சிலால் எச்ஐவி வராது. ஆனால் அந்தப் பைப்பைச் சாதாரணமாக விட்டுவிடவும் முடியாது. கிராக் புகைப்பவரின் உதட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சூடான குட்டைக் கண்ணாடிக் குழாய் படும் இடத்தில், கீழுதட்டின் நடுவில், கொப்புளம் வெடித்து ஆறி, ஆறுவதற்குள் மறுபடி வெடித்து, தோல் கெட்டியாகிக் கிடக்கும். விரல் நுனிகள் கறுத்து இறுகியிருக்கும். வடிகட்டியாகப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிக்கிறவர்களுக்கு, நெருப்பாய்ச் சுடும் கம்பித் துணுக்குகள் வாய்க்குள்ளும் தெறிக்கும். (பற்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை.) உதடு வெடித்து ரத்தம் கசியும் வாயோடு வாய்வழி உறவு கொண்டால், வழக்கமாக மிகக் குறைவாக இருக்கும் ஆபத்து கூடிவிடுகிறது. ரத்தம் பட்ட குழாயைப் பகிர்ந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வரவும் வாய்ப்புண்டு. ஆகவே குழாய் அவரவருக்குத் தனி. விரிசல் விட்ட கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள். முனையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டால் உதடு தப்பும்.

"இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பழக்கத்தை ஊக்குவிப்பது ஆகாதா?" என்று கேட்பவர்களுக்கு: ரப்பர் முனை இருக்கிறது என்பதற்காகக் கிராக் பிடிக்கத் தொடங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

தொற்று வந்த பிறகும் கிராக் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் எச்ஐவி உள்ள பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்டார்கள். விடாமல் கிராக் புகைத்த பெண்கள், புகைக்காதவர்களைவிட எய்ட்ஸ் தொடர்பான காரணங்களால் இறக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். எச்ஐவி மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அடுத்த வருடம் மயாமியிலிருந்து வந்த ஆய்விலும் கிராக் பயன்படுத்துபவர்களின் சிடி4 வேகமாகச் சரிவது தெரிந்தது. கோக்கைன் எதிர்ப்பு சக்தியை நேராக என்ன செய்கிறது என்பதை இங்கே விரிக்கவில்லை. நடைமுறையில் நான் பார்க்கும் பெரிய சேதம் மாத்திரை விடுபடுவதுதான்.

அது விடுபடும் விதத்தையும் சொல்ல வேண்டும். மறந்துபோய் விடுபவர்கள் ஒருபக்கம். "இன்னிக்குப் புகைச்சிட்டேன் டாக்டர், ரெண்டும் சேர்ந்தா விஷமாயிடும்னு மாத்திரையை எடுக்கல" என்று வேண்டுமென்றே விடுபவர்கள் இன்னொரு பக்கம். ஐயா, அம்மா, தயவுசெய்து விடாதீர்கள். புகைத்த நாளும் மாத்திரை நாள்தான். சில மருந்துகள் சில போதைப்பொருட்களோடு ஒத்துப்போகாதது உண்மை. என்ன எடுக்கிறீர்கள் என்று நாங்கள் துருவிக் கேட்பது அதற்காகத்தான், போலீசில் சொல்வதற்கு அல்ல. உள்ளதைச் சொன்னால் ஒத்துப்போகிற மருந்தாகப் பார்த்துக் கொடுக்க முடியும். இன்றைக்கு நாளுக்கு ஒரே மாத்திரையில் முடிகிற சிகிச்சை இருக்கிறது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. இது நிரூபணமான விஷயம். கிராக் புகைப்பவருக்கும் இதே விதிதான். பழக்கத்தை விட்டுவிட்டு வா, பிறகு எச்ஐவி மருந்து தருகிறேன் என்று திருப்பி அனுப்பும் மருத்துவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்றால் என்ன சொல்வது? இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம்.

பழக்கத்தை விடுவது பற்றி: ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் கோக்கைனுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. "கிராக்கை மறக்கடிக்கும் மாத்திரை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பலன் தருவதாக அதிகம் நிரூபிக்கப்பட்டிருப்பது, சிறுநீர்ப் பரிசோதனையில் கோக்கைன் இல்லாத ஒவ்வொரு முறையும் சின்னப் பரிசு கொடுத்து ஊக்குவிக்கும் முறை. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். வேலை செய்கிறது.

இன்னும் தொற்று வராதவர்களுக்கு. கிராக் புகைக்கிறீர்களா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கூடவே சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் சி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாவிட்டால் போட்டுவிடுங்கள். ஆணுறையைத் தேட வேண்டிய இடத்தில் வைக்காதீர்கள். லைட்டர் இருக்கும் அதே பையில் இருக்கட்டும், வழுவழுப்புக்கான ஜெல்லும்தான். பிரெப் என்று நாங்கள் சொல்லும் முன்தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். ஊசி போடாதவருக்கும் அது உண்டு. தினம் மாத்திரை நினைவில் நிற்காது என்பவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் என்ற தடுப்பு ஊசி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிருக்கும் 2025-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆணுறை கிழிந்துவிட்டதா, நடந்தது சரியாக நினைவில்லையா, 72 மணி நேரத்துக்குள் வாருங்கள். 28 நாள் மருந்து, தொற்று பிடிக்காமல் தடுக்க நல்ல வாய்ப்பு. நான்காம் நாள் வந்து அழுதால் என்னால் அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. முதல் நாளே வந்தால் இன்னும் நல்லது.

கிராக்கைக் கரைத்து ஊசியில் ஏற்றுபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பழைய பாடமேதான், கூடுதல் கண்டிப்போடு: கோக்கைன் ஊசி ஒரே நாளில் பலமுறை ஏறும், ஒவ்வொரு முறைக்கும் புது சிரிஞ்சு.

சக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஊசி உண்டா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். கூட வந்தவரை முதலில் வெளியே அனுப்புங்கள். அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு மகனிடம் இதைக் கேட்டால் பொய்தான் வரும். பிறகு, கடைசியாகப் புகைத்த இரவில் யாரோடு இருந்தீர்கள், உறவு இருந்ததா, ஆணுறை இருந்ததா, சரக்கோ பணமோ கைமாறியதா என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். இருமலுக்கு எத்தனை நாள் என்று கேட்பதுபோலவே கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

பரிசோதனைக்கு வருபவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. முந்தின நாள் புகைத்திருந்தாலும் எச்ஐவி முடிவு மாறாது. கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டது என்றைக்கு என்பதை மட்டும் யோசித்து வாருங்கள். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் இன்றைய பரிசோதனை தொற்றைக் காட்ட 18 முதல் 45 நாள் ஆகும். விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள்வரை ஆகலாம். இரண்டு வாரம்தான் ஆகிறது என்றால் "இல்லை" என்று வந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அடுத்த தேதியை அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.