ஜி.ஐ.எஸ்.: புவிசார் தகவல் முறைமை

நீலகிரியில் மசினகுடி பக்கம் யானை வழித்தடப் பேச்சு வந்தால் இந்தச் சொல்லும் கூடவே வந்துவிடும். “ஜி.ஐ.எஸ். மேப்ல அப்படித்தான் இருக்கு” என்பார்கள். கேட்பவர் அது ஏதோ புதுவகை வரைபடம் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் வரைபடம் அதிலிருந்து கடைசியாக வெளியே வருவதுதான். பூமியில் ஓர் இடம், அந்த இடத்தைப் பற்றிய விவரங்கள், இவற்றைப் பிரியாமல் சேர்த்துவைத்துக் கேள்வி கேட்க வழிசெய்வதே ஜி.ஐ.எஸ்.

நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். சரிவுக்கு ஒரு வரைபடம், மண்ணுக்கு ஒன்று, ஓடைகளுக்கு ஒன்று, தேயிலை, சோலை, குடியிருப்பைக் காட்ட இன்னொன்று. காகிதத்தில் இவை தனித்தனியாகக் கிடக்கும். ஜி.ஐ.எஸ்.இல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, “செங்குத்துச் சரிவு, பக்கத்தில் ஓடை, மேலே சாலைக்காக வெட்டிய மண், ஏற்கெனவே சரிந்த வரலாறு, இத்தனையும் சேரும் புல எண்கள் எவை?” என்று கேட்கலாம். 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கே கட்டட அனுமதி தரக்கூடாது என்று முடிவெடுக்க இந்தக் கேள்விதான் வேண்டும்.

சொல் பிறந்ததும் இப்படிப்பட்ட தேவையில்தான். 1960களில் கனடா அரசு தன் நிலங்களில் எது வேளாண்மைக்கு, எது காட்டுக்கு, எது வனவிலங்குக்கு ஏற்றது என்று கணக்கெடுத்தது. குவிந்த வரைபடங்களைக் கையால் ஒப்பிட்டு மாளாது என்று ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் கணினியைக் கொண்டுவந்தார். ‘ஜியோகிராஃபிக் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்’ என்ற பெயர் அந்த வேலையில் வந்தது. ஆக, இது போனில் வழி பார்ப்பதற்காகப் பிறந்த சொல் அல்ல. நிலத்தை என்ன செய்வது என்று அரசு முடிவெடுப்பதற்காகப் பிறந்தது.

தமிழில் ‘புவியியல் தகவல் அமைப்பு’ என்று பரவலாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு குறை. புவியியல் என்றால் பள்ளிப் பாடம் நினைவுக்கு வருகிறது. அமைப்பு என்றால் ஏதோ சங்கம் போலத் தொனிக்கிறது. ‘புவிசார்’ ஏற்கெனவே நமக்குப் பழகிய சொல். தோடர் பூத்தையலுக்குக் கிடைத்தது புவிசார் குறியீடுதானே. ‘முறைமை’ இலங்கைத் தமிழில் நன்றாகப் புழங்குகிறது. எனவே ‘புவிசார் தகவல் முறைமை’ என் தேர்வு. குறியீட்டின் சுருக்கம் ஜி.ஐ., இதன் சுருக்கம் ஜி.ஐ.எஸ்.; அந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே இருப்பதுதான்.

முறைமை என்பதை நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. தரவு, மென்பொருள் மட்டுமல்ல, அளப்பவர், சரிபார்ப்பவர், ஆட்சேபம் கேட்பவர் எல்லாரும் அதற்குள் வரவேண்டும். மசினகுடிப் பகுதியின் சீகூர் யானை வழித்தடத்துக்கு 2010இல் அரசு அறிவிக்கை வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது; அப்போதும் நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்கத் தனிக் குழு அமைக்க வேண்டியிருந்தது. திரையில் ஒரே கோடு. தரையில் அது பட்டா நிலங்களின் மேல் அல்லவா போகிறது!

கூடவே வரும் சொற்கள்: லேயர் என்பது அடுக்கு, ஓவர்லே என்பது மேற்பொருத்தல், அட்ரிப்யூட் என்பது பண்பு. அடுக்கு இப்போதே நன்றாக நிலைத்துவிட்டது. மேற்பொருத்தலுக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும்.