பெர்ஃபெக்‌ஷனிசம்: முழுமைவாதமா, குறையின்மை நாட்டமா?

'பெர்ஃபெக்‌ஷனிசம்' என்னும் சொல்லின் வேர் 'பெர்ஃபிகெரே' என்ற இலத்தீன் வினை. 'செய்' எனப் பொருள்படும் 'ஃபகெரே'யின் முன் 'முற்றாக' என்பதைக் குறிக்கும் 'பெர்' சேர்ந்து, ஒன்றைச் செய்து முடித்தல் என்ற பொருளைத் தந்தது. ஆங்கிலத்தில் இச்சொல் தொடக்கத்தில் கிறித்தவ இறையியலோடு நெருங்கியிருந்தது. மனிதர் இம்மையிலேயே ஒழுக்கத்தில் நிறைநிலையை எய்த இயலும் என்ற கொள்கையை அது குறித்தது. 'முழுமைவாதம்', 'பரிபூரணவாதம்' என்பன அக்கொள்கைக்குப் பொருந்தும். உளவியல் பேசுவதோ கொள்கையை அன்று, எட்டுதற்கரிய அளவுகோலைத் தனக்கு வைத்துக்கொண்டு, சற்றுக் குறைந்தாலும் தன்னையே கடிந்துகொள்ளும் மனப்போக்கை. ஆதலின் 'குறையின்மை நாட்டம்' என்பதே தகும் என்பது என் கருத்து. மருத்துவக் கட்டுரைகளில் 'வாதம்' நோயின் பெயராக மயங்கவும் இடமுண்டு.

இந்நாட்டம் ஒருபடித்தானதன்று. 1991இல் ஹெவிட், ஃபிளெட் என்னும் உளவியலாளர்கள் அதனை மூன்றாகப் பகுத்தனர்: குறையின்மையைத் தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாகக் கருதுவது. எடுத்துக்காட்டாக, செவிலிய மாணவரிடையே மூன்றாவதே மிகுந்த கவனத்துக்குரியது. மருந்தளவில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினாலே அளவு பத்து மடங்கு மாறிவிடும் தொழிலில் பிழையின்மையை விழைவது தொழிலறமே. ஆனால் மூத்த செவிலியர் சிறு பிழையையும் பொறுக்கமாட்டார் என்று அஞ்சும் மாணவர் ஐயத்தைக் கேட்கத் தயங்கவும், நேர்ந்த தவற்றை மறைக்கவும் கூடும். அப்போது கேடு நோயாளிக்கே.

இதனோடு சேர்த்து ஆராயப்படும் சொற்கள் இரண்டு. திட்டமிட்டு, செய்கையைத் தானே கண்காணித்து, விளைவைக் கண்டு அடுத்த முயற்சியைத் திருத்திக்கொள்வது 'தன்னெறிப்படுத்தல்'; ஆங்கிலத்தில் 'செல்ஃப் ரெகுலேஷன்'. 'சுயகட்டுப்பாடு' என்பது அடக்கிக்கொள்வதை மட்டும் சொல்வதால் போதாது. குறையின்மை நாட்டம் முற்றியவர் பெரும்பாலும் இடறுவது, பிழையைத் தகவலாகக் கொள்ளாமல் தம்மீதான தீர்ப்பாகக் கொள்ளும் அந்த இறுதிப் படியில்தான்.

மற்றொன்றான 'சோஷியல் பிராப்ளம் சால்விங்' பெரிதும் பிழைபடப் பெயர்க்கப்படுவது. 'சமூகப் பிரச்சினை தீர்த்தல்' என்றால் வறுமை, சாதி போன்றவற்றைத் தீர்ப்பதாகவே தமிழ் வாசகர் கொள்வர். டிசுரில்லா, நெசு என்னும் உளவியலாளர்களின் கோட்பாட்டில் அது, ஒருவர் தம் அன்றாட வாழ்வில் எதிர்கொள்ளும் உண்மையான சிக்கல்களைத் தீர்ப்பதையே குறிக்கும். பகுத்தறிந்து தீர்த்தல், எண்ணாது துணிதல், தவிர்த்தல் என அதில் மூன்று பாங்குகள் உண்டு. கேட்கவேண்டிய ஐயத்தைக் கேளாமல் நாள் கடத்தும் மாணவரிடம் தென்படுவது மூன்றாவது பாங்கு. 'வாழ்வுச் சிக்கல் தீர்க்கும் திறன்' என்று பெயர்த்தால் இப்பொருள் மயக்கமின்றி விளங்கும்.